குழந்தைக்கு நீதியும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரும்: பிரிக்க முடியாத இரு கோரிக்கைகள்

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை மீது வன்கொடுமை நிகழ்ந்த செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும் மக்களிடமிருந்து இரண்டு குரல்கள் எழுகின்றன. "அவனைத் தூக்கிலிடு" என்பது முதல் குரல். "அவனுக்காக எந்த வழக்கறிஞரும் வாதாடக் கூடாது" என்பது இரண்டாவது குரல். முதல் குரலில் பெற்றோரின் நெஞ்சு கொதிக்கிறது, அக்கொதிப்பு இயல்பானது. ஆனால் இரண்டாவது குரல், அதை எழுப்புவோர் அறியாமலேயே, முதல் குரலைத் தோற்கடித்துவிடுகிறது. வழக்கறிஞர் இல்லாமல் பெறப்படும் தண்டனை மேல்முறையீட்டில் நிலைப்பதில்லை. தண்டனை நிலைக்காதபோது நீதியை இழப்பது குழந்தையின் குடும்பமே.

இடதுசாரி இயக்கத்தினர் இந்தக் கருத்தைச் சொல்லும்போது, "குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறார்கள்" என்ற பழி வருவதுண்டு. அந்தப் பழிக்கு விடையளிக்க நீண்ட தத்துவ விளக்கம் தேவையில்லை. தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த ஒரு வழக்கைப் பார்த்தாலே போதும்.

முகலிவாக்கம் வழக்கு சொல்வது என்ன?

2017 பிப்ரவரியில் சென்னை போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தமிழகமே கொந்தளித்தது. 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நீதி கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினர்.

2025 அக்டோபர் 8 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து அவரை விடுவித்தது. எதனால்? எந்தெந்தப் பிரிவுகளின்கீழ் விசாரணை நடைபெறும் என்பதை நீதிமன்றம் முடிவு செய்து அறிவிக்கும் கட்டத்திற்குக் குற்றச்சாட்டு வனைதல் என்று பெயர். விசாரணையின் அடித்தளம் அதுவே. அந்தக் கட்டத்தில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரே இல்லை. 2017 டிசம்பர் 13 அன்றுதான் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். அடுத்த சில நாள்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. உயிர் போகக்கூடிய வழக்கில் ஆவணங்களைப் படித்து, கட்சிக்காரரைச் சந்தித்து, கேள்விகளைத் தயாரிப்பதற்கு அவருக்குக் கிடைத்த கால அவகாசம் அவ்வளவே. குற்றவாளி என்று அறிவிக்கப்பட்ட நாளிலேயே மரண தண்டனையும் விதிக்கப்பட்டது.

உச்சநீதிமன்றம் இத்துடன் நிற்கவில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவு உள்ளிட்ட சான்றுகளை அரசுத் தரப்பு சட்டப்படி நிரூபிக்கவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. முறையாகத் திரட்டப்பட்டு முறையாக நிரூபிக்கப்பட வேண்டிய சான்று, ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் பயனற்றதாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசாரணை நீதிமன்றத்தில் தொடக்கம் முதலே திறமையான வழக்கறிஞர் ஒருவர் எதிர்த் தரப்பில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? "இந்தப் பதிவு எங்கே? இதற்குரிய சான்றிதழ் எங்கே?" என்று அவர் அன்றே கேட்டிருப்பார். அரசுத் தரப்பு அன்றே ஓட்டையை அடைத்தாக வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கும். அல்லது உண்மையான குற்றவாளி வேறொருவர் எனில் அவரைத் தேடும் பணி அன்றே தொடங்கியிருக்கும். எதிர்வாதம் என்பது காவல்துறையின் புலனாய்வுக்கு வைக்கப்படும் தேர்வு. தேர்வே வைக்காமல் தேர்ச்சிச் சான்றிதழ் அளித்ததன் விளைவை இன்று சுமப்பவர்கள் அந்தச் சிறுமியின் பெற்றோர். தங்கள் மகளைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு, சட்டத்தின் முன் அவர்களுக்கு இன்று விடையில்லை.

கண்ட்வா: இரண்டு வாரத்தில் தூக்கு, 11 ஆண்டுகளில் விடுதலை

இது ஒரே ஒரு வழக்கில் நேர்ந்த விபத்தன்று. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் 2013-ஆம் ஆண்டு ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கிலும் இதுவே நடந்தது. எழுத்தறிவற்ற ஏழை இளைஞர் ஒருவர் கைதானார். 2013 பிப்ரவரி 19 அன்று அவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. மார்ச் 4 அன்று தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்திற்குள் மரண தண்டனை!

2019 டிசம்பர் 18 அன்று, 'அனோகிலால் எதிர் மத்தியப் பிரதேச அரசு' என்ற அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கப்படக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரையே சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும். தயாரிப்புக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள்களேனும் அளிக்க வேண்டும். விரைவு விசாரணை என்ற பெயரில் நியாய விசாரணையைப் பலியிடக் கூடாது என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. மறுவிசாரணைகளுக்குப் பின் 2024 மார்ச்சில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். சிறையில் கழிந்தவை 11 ஆண்டுகள். அவருடைய இளமை போயிற்று. அந்தக் குழந்தைக்குரிய நீதியும் போயிற்று. அவசரத்தால் பயனடைந்தவர், "இரண்டே வாரத்தில் தண்டனை வாங்கிக் கொடுத்தோம்" என்று மார்தட்டிக்கொண்ட ஆட்சி நிர்வாகம் மட்டுமே.

வழக்கறிஞர்களின் தீர்மானமும் சட்டத்தின் விடையும்

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில், செவித்திறன் குறைபாடுடைய சிறுமி ஒருவரை அடுக்குமாடிக் குடியிருப்பின் பணியாளர்கள் பலர் மாதக்கணக்கில் சீரழித்த கொடுமை வெளிவந்தது. கைதானவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே தாக்கப்பட்டனர். அவர்களுக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்ற அறிவிப்பும் வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. எனினும் விசாரணை, குற்றம்சாட்டப்பட்டோரின் தரப்பையும் கேட்டே நடைபெற்றது. 17 பேர் மீது தொடுக்கப்பட்ட அவ்வழக்கில் 2020 பிப்ரவரியில் 15 பேருக்கு விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தது, ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார், ஒருவர் விடுவிக்கப்பட்டார். ஒவ்வொருவர் மீதான சான்றும் தனித்தனியாக எடைபோடப்பட்டு, தண்டனையின் அளவும் வேறுபட்டது. எதிர்வாதம் கேட்கப்பட்டதால் தண்டனை தவறிவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வழக்கறிஞர் சங்கங்கள் இத்தகைய தடைத் தீர்மானம் நிறைவேற்றலாமா என்ற கேள்விக்கும் சட்டத்தின் விடை முன்னரே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கில், 2010 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்றும், வழக்கறிஞர் தொழிலின் அறத்திற்கு முரணானவை என்றும் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு, கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையை அளிக்கிறது. 39-அ உறுப்பு, வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்குகிறது. 1979-ஆம் ஆண்டின் ஹுசைனாரா கத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடிய ஏழைகளுக்காக எழுந்த குரலே இலவசச் சட்ட உதவியை வாழும் உரிமையின் பகுதியாக நிலைநாட்டியது. இந்த உரிமைகளை வென்றெடுத்தவர்கள் சிறைக்கொட்டடியில் கிடந்த ஏழைகள் என்பதை மறந்துவிடலாகாது.

எதிர்வாதம் என்றால் குழந்தையை வதைப்பதா?

"வழக்கறிஞரை அனுமதித்தால் அவர் குழந்தையைக் கூண்டில் நிறுத்திக் குடைந்தெடுப்பாரே" என்று தாய்மார்கள் அஞ்சுவது நியாயமானது. அந்த அச்சத்திற்கு விடையாகத்தான் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் சில காப்புகளை வகுத்துள்ளது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க இயலாது. கேள்விகளை நீதிபதியிடம் அளிக்க வேண்டும். நீதிபதியே குழந்தையிடம் கேட்பார். அச்சுறுத்தும் கேள்விகளும் குழந்தையின் நடத்தையை இழிவுபடுத்தும் கேள்விகளும் தடை செய்யப்பட்டுள்ளன. குழந்தையை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்திற்கு அழைக்கக் கூடாது. குழந்தையின் கண்ணில் குற்றம்சாட்டப்பட்டவர் படாதவாறு திரையிட வேண்டும். அதே வேளையில் குழந்தை சொல்வதை அவர் கேட்கவும் தம் வழக்கறிஞருடன் பேசவும் வழி இருக்க வேண்டும். ஒரே பிரிவில் இரு தரப்பின் உரிமையும் அருகருகே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் குடும்பத்திற்கும் தனக்கென வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை அச்சட்டத்திலேயே உண்டு.

மறுபுறம், அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு மிகவும் கடுமையானது. பொதுவாகக் குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி. இங்கோ, முதன்மையான குற்றங்களில், மறுத்து நிரூபிக்கும் வரை அவர் குற்றம் செய்தவர் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவிய பின்னரே அந்த அனுமானம் எழும் என உயர்நீதிமன்றங்கள் விளக்கியுள்ளன. ஆனால் அந்த விளக்கத்தை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே! 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்சத் தண்டனைகளை 10 ஆண்டு, 20 ஆண்டு என உயர்த்தியது; கடுமையான குற்றங்களுக்கு மரண தண்டனையையும் சேர்த்தது. தண்டனை எவ்வளவு கனமாகிறதோ, அதைச் சுமத்துவதற்கு முன் எடுக்க வேண்டிய கவனமும் அவ்வளவு கனமாக வேண்டும். அரசு தண்டனையை உயர்த்தியது. தடயவியல் ஆய்வகங்களையும் பயிற்சி பெற்ற புலனாய்வாளர்களையும் திறமையான சட்ட உதவி வழக்கறிஞர்களையும் அதே வேகத்தில் உயர்த்தவில்லை. தண்டனையை உயர்த்தச் செலவில்லை; மற்றவற்றுக்குச் செலவுண்டு.

வறுமையைக் குற்றமாக்குதல்

பாலியல் வன்கொடுமையுடன் இப்பிரச்சினை முடிவதில்லை. 'குழந்தையைப் புறக்கணித்தல்' என்ற மற்றொரு குற்றச்சாட்டு உழைக்கும் மக்களின் வாசற்படியிலேயே நிற்கிறது.

பின்னி, மினர்வா முதலிய ஆலைகளில் வேலை தேடித் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் பகுதி ஸ்ரீராம்புரம். ஆலைகள் மூடப்பட்டன. நிரந்தர வேலையும் அதனுடன் வந்த தொழிற்சங்கப் பாதுகாப்பும் போயின. இன்று பெண்கள் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் பூ விற்கவும் செல்கின்றனர். ஒரு தாயைக் கருதிப் பார்க்கலாம். கணவர் இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. காலை எட்டு மணிக்குள் பீணியாவில் உள்ள ஆலைக்குள் இருக்க வேண்டும். அங்கன்வாடியின் நேரமும் ஆலையின் நேரமும் ஒத்துப்போவதில்லை. நான்கு வயதுக் குழந்தையை ஏழு வயது அக்காவின் பொறுப்பில் விட்டுக் கதவைப் பூட்டிச் செல்கிறார். ஒரு நாள் அடுப்பில் தீக்காயம் நேர்கிறது. மருத்துவமனையில் கேள்வி எழுகிறது. காவல்நிலையத்திற்குத் தகவல் செல்கிறது. அந்தத் தாய் குற்றவாளியா?

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குழந்தையின் பொறுப்பில் உள்ளவர் அதனைத் தாக்கினாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதத்திற்கோ இரண்டிற்குமோ வழி செய்கிறது. "வேண்டுமென்றே" என்ற சொல்லில்தான் அந்தத் தாயின் வாழ்வு அடங்கியிருக்கிறது. அதே பிரிவின் வரம்புரை, தங்கள் சக்திக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அது வேண்டுமென்றே செய்யப்பட்டதாகக் கொள்ளப்படாது என்றும், தண்டனை பொருந்தாது என்றும் கூறுகிறது. கைவிடுதல் பற்றிய வரம்புரை அது. எனினும் வறுமையையும் கொடுமையையும் சட்டமே வேறுபடுத்திப் பார்க்கிறது என்பதற்கு அது சான்று. அந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வழக்கறிஞர் இல்லாதபோது, வறுமையே குற்றமாகப் பதிவாகிறது.

குழந்தை நலக் குழுவின் முன்னும் இதே நிலைதான். குழந்தையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. குடும்பத்திடமே குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கவும், தேவையானால் மேற்பார்வையுடன் ஒப்படைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாய், கொடிய நோயுற்ற பெற்றோர் போன்றோரின் குழந்தைகளுக்கு நிதி ஆதரவு வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் அந்த ஆதரவு மாதம் 4,000 ரூபாய். தாய்க்கு வேண்டியது பல சமயம் இந்த 4,000 ரூபாயும் ஒரு குழந்தைகள் காப்பகமும்தான். அவருக்குக் கிடைப்பதோ முதல் தகவல் அறிக்கை.

முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறியது. அந்தக் காப்பகத்தை நடத்தாத முதலாளியின் மீது 'குழந்தையைப் புறக்கணித்தார்' என்று எவரும் புகார் கொடுப்பதில்லை. கதவைப் பூட்டிச் சென்ற தாய் மட்டுமே காவல்நிலையத்தின் பெஞ்சில் அமர்த்தப்படுகிறார். எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: குழந்தையைப் புறக்கணித்தது உண்மையில் யார்?

காதலும் சிறையும்

மூன்றாவது வகை வழக்குகளும் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் பெருகி வருகின்றன. 17 வயதுப் பெண்ணும் 19 வயது இளைஞனும் காதலித்து வீட்டை விட்டுச் செல்கின்றனர். பெண்ணின் குடும்பம் புகார் அளிக்கிறது. இளைஞன் வேறு சாதியாகவோ வேறு மதமாகவோ இருந்தால் புகாரின் வேகம் கூடுகிறது. 18 வயது நிறைவடையாதவரின் சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை என்பதால் இளைஞன் போக்சோ குற்றவாளியாகிறான்.

பெங்களூருவில் இயங்கும் என்ஃபோல்டு அமைப்பு, 2016 முதல் 2020 வரை அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் சிறப்பு நீதிமன்றங்கள் அளித்த 7,064 தீர்ப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, காதல் உறவு தொடர்பானவை. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2022 நவம்பரில், இந்த வயது வரம்பு குறித்து மறுசிந்தனை தேவை என்று சட்ட ஆணையத்திற்குச் சுட்டிக்காட்டியது. வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று கூறிய சட்ட ஆணையமும், 2023-ஆம் ஆண்டின் 283-ஆவது அறிக்கையில், 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரின் வழக்குகளில் தண்டனை விதிப்பதில் நீதிமன்றத்திற்கு நெறிப்படுத்தப்பட்ட விருப்புரிமை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் 2022 டிசம்பரில் காவல்துறைத் தலைமை இயக்குநர், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் எனச் சுற்றறிக்கை அனுப்பினார்.

2025 மே 23 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று ஆழ்ந்த கவனத்திற்குரியது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சிறுமி ஒருவர் பின்னாளில் அந்த நபருடனேயே குடும்பம் நடத்தி ஒரு குழந்தைக்கும் தாயானார். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தும், தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி உச்சநீதிமன்றம் அந்த நபருக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அந்தப் பெண்ணை அலைக்கழித்தது காவல்துறையும் நீதிமன்ற நடைமுறையும் கணவரைச் சிறையிலிருந்து மீட்க அவர் நடத்திய ஓயாத போராட்டமுமே என்று நீதிமன்றம் உணர்ந்தது. சமூகமும் குடும்பமும் சட்ட அமைப்பும் அவருக்குத் துணை நிற்கத் தவறிவிட்டதையும் அது ஏற்றுக்கொண்டது.

இதன் பொருள் குழந்தைத் திருமணத்திற்கு அங்கீகாரம் என்பதன்று. இளம் பெண்ணுக்குக் கல்வியும் பாதுகாப்பும் தருவதற்கு மாறாக, இளைஞனைப் பத்தாண்டு சிறையில் அடைப்பதை மட்டுமே அரசு 'பாதுகாப்பு' என்று அழைக்க இயலாது என்பதே இதன் பொருள். சாதியின் கௌரவத்தைக் காக்கப் போக்சோ சட்டம் கருவியாக்கப்படும்போது, உண்மையில் சிதைக்கப்பட்ட குழந்தையின் வழக்கு அதே நீதிமன்றத்தில் வரிசையில் காத்துக் கிடக்கிறது.

வெளிநாட்டில் ஒரு நியாயம், உள்நாட்டில் ஒரு நியாயமா?

2011-ஆம் ஆண்டில் நார்வே அரசின் குழந்தைகள் நலத்துறை, கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் இரு குழந்தைகளைப் பறித்துச் சென்றது. குழந்தைகள் 2012 ஏப்ரலில் இந்தியா வந்து சேர்ந்தனர். 2013-இல் தாயிடம் ஒப்படைக்கப்பட்டனர். அப்போராட்டத்தில் இடதுசாரித் தலைவர் பிருந்தா காரத் அந்தத் தாயின் பக்கம் உறுதியாக நின்றார். 2021-இல் ஜெர்மனியின் பெர்லினில் குஜராத்தைச் சேர்ந்த தம்பதியின் கைக்குழந்தை, காயம் ஒன்றின் காரணமாக அரசால் எடுத்துச் செல்லப்பட்டது. பெற்றோர் மீதான குற்ற வழக்கு 2022-இல் கைவிடப்பட்ட பின்னரும், 2023-இல் அந்நாட்டு நீதிமன்றம் குழந்தையைத் திருப்பித் தர மறுத்தது. பல கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்பினர்.

வெளிநாட்டில் வாழும் இந்தியப் பெற்றோர் மீது குற்றச்சாட்டு எழும்போது, "தீர விசாரித்தீர்களா? அவர்கள் தரப்பைக் கேட்டீர்களா?" என்று நாடே வினவுகிறது. அந்தக் கேள்வி சரியானதே. போக்குவரத்து சிக்னலில் கைக்குழந்தையுடன் பூ விற்கும் தாயிடமிருந்து குழந்தை எடுத்துச் செல்லப்படும்போது அதே கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. அவருக்குத் தூதரகம் இல்லை. தொலைக்காட்சி விவாதம் இல்லை. அவருக்காகக் கேள்வி எழுப்பும் கடமை உழைக்கும் மக்களின் இயக்கத்திற்கே உரியது.

தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

கர்நாடகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி என்ற கூடுதல் தடையும் உண்டு. முதல் தகவல் அறிக்கை கன்னடத்தில், குற்றப்பத்திரிகை கன்னடத்தில், மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில். பேசக் கன்னடம் அறிந்தவர்களிலும் படிக்க அறியாதோர் பலர். என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறியாமலேயே கையொப்பமோ கைநாட்டோ இடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், கைதுக்கான காரணங்கள் எல்லா வகைக் குற்றங்களிலும் எழுத்து வடிவில், கைதானவர் புரிந்துகொள்ளும் மொழியில் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்துள்ளது. தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளி, காரணங்களைத் தமிழில் கேட்டுப் பெறலாம். நீதிமன்றத்தில் அவருக்குப் புரியாத மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை.

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் உண்டு. குற்றம்சாட்டப்பட்டுச் சிறையில் இருப்பவருக்கும் உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் அருகருகே எழுதப்பட வேண்டும்.

இயக்கத்தின் முன்னுள்ள கடமைகள்

தோழர்களே! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களின்படி, போக்சோ சட்டத்தின் கடும் குற்றப் பிரிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். தந்தை, மாமன், அண்டை வீட்டார், ஆசிரியர் என்று அப்பட்டியல் நீள்கிறது. எனவே குற்றத்தை மூடி மறைக்கும் அழுத்தமும் அதே தெருவிலிருந்து, அதே சாதிச் சங்கத்திலிருந்து, சில சமயம் அதே தொழிற்சங்கத்திலிருந்து வரும். "குடும்ப மானம் போகும், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று பஞ்சாயத்துப் பேசுவது எதிர்வாதம் ஆகாது; அது குழந்தைக்கு இழைக்கப்படும் இரண்டாவது கொடுமை. குற்றம் நிகழ்ந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பது போக்சோ சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரியது. முறையான எதிர்வாதம் நீதிமன்றத்தில், வெளிச்சத்தில், சட்டத்தின் வரம்பிற்குள் நடைபெறுவது. இந்த வேறுபாட்டில் எள்ளளவும் குழப்பம் கூடாது.

இதனடிப்படையில் செய்ய வேண்டியவை தெளிவானவை. குழந்தை புகார் சொன்னால் அதை நம்பி உடனே பதிவு செய்யத் துணை நிற்க வேண்டும். அக்குடும்பம் பசியால் பிறழ்சாட்சியாகிவிடாமல் இருக்க, போக்சோ விதிகள் அளிக்கும் இடைக்கால இழப்பீட்டையும் உணவு, போக்குவரத்து முதலியவற்றுக்கான சிறப்பு உதவியையும் பெற்றுத்தர வேண்டும். குழந்தையின் பெயரும் முகவரியும் படமும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் பரவாமல் தடுக்க வேண்டும்.

அதே வேளையில், கைதானவர் எவராயினும் முதல் நாளிலேயே அவருக்கு வழக்கறிஞர் கிடைக்கச் செய்ய வேண்டும். அடிப்பதற்குத் திரளும் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். வறுமையால் கைதான தாய்மார்களுக்காகக் குழந்தை நலக் குழுவின் முன் அண்டை வீட்டாரையும் அங்கன்வாடி ஊழியரையும் சாட்சிகளாக நிறுத்த வேண்டும். பகுதிதோறும் முழுநேரக் குழந்தைகள் காப்பகம், சட்ட உதவி வழக்கறிஞர்களுக்குப் போதிய ஊதியம், ஒவ்வொரு மாவட்டத்திலும் தடயவியல் வசதி ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போராட வேண்டும்.

முகலிவாக்கத்துச் சிறுமிக்கும் கண்ட்வாவின் சிறுமிக்கும் கிடைக்காமல் போன நீதி, இனி வரும் எந்தக் குழந்தைக்கும் கிடைக்காமல் போகக் கூடாது. அதற்கு, எந்த மேல்முறையீட்டிலும் உடையாத தீர்ப்பு வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை முழுமையாகச் சொல்லி முடித்த பின் எழுதப்படும் தீர்ப்பே அத்தகையது. அந்தத் தீர்ப்புக்காகப் போராடுவோம் என்று ஸ்ரீராம்புரத்தின் உழைக்கும் மக்கள் உறுதியேற்கட்டும்!